எஸ்பிளனேட் பூங்காவில் தமிழ் எழுத்தைத் தேடி

முதல் நாள், மாலை

சிங்கப்பூருக்கு வரும் சுற்றுலாக் குழுக்கள் மெர்லயன் முன்னால் படம் எடுத்துக்கொள்ளும். எஸ்பிளனேட் பாலத்தைக் கடந்து முள்நாறிப் பழம் (டுரியான்) மாதிரி கூரை போட்ட அரங்கத்தை வெளியே நின்று பார்க்கும். அடுத்தது முஸ்தபா கடை. பாலத்தைக் கடந்ததும் இடது கைப் பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு நீளத் துண்டு நிலம் இருக்கிறதே, அதுதான் எஸ்பிளனேட் பூங்கா. குழுவில் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

மேற்கே கனாட் டிரைவ், கிழக்கே எஸ்பிளனேட் டிரைவ், தெற்கே ஆண்டர்சன் பாலம், வடக்கே ஸ்டாம்ஃபோர்ட் சாலை. இவ்வளவுதான் எல்லை. கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது. வேகமாக நடந்தால் சில நிமிடங்களில் மறுமுனை வந்துவிடும். கல்லில் இருப்பதைப் படித்துக்கொண்டே போனால் இரண்டு மணி நேரம் ஆகும். இந்தப் பதிவுகள் அப்படிக் கல்லைப் படிக்கிறவர்களுக்கானவை.

வருவதற்கு எளிய வழி எம்ஆர்டி ரயில். வட்டப் பாதையில் எஸ்பிளனேட் நிலையம் மிக அருகில் இருக்கிறது. சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கினாலும் சிட்டிலிங்க் மால் வழியாகத் தரைக்கு அடியிலேயே எஸ்பிளனேட் பக்கம் வந்துவிடலாம். மழை நாளில் அதுதான் நல்லது. தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) தங்கியிருப்பவர்கள் லிட்டில் இந்தியாவில் ஏறி, ஒரே நிறுத்தத்தில் தோபி காட்டில் மாறி, வட்டப் பாதையில் இரண்டாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும். இந்திய வங்கி அட்டையைத் தட்டியே உள்ளே போகலாம், ஆனால் வெளிநாட்டு அட்டைக்கு நாள்தோறும் ஒரு சிறு தொகை கூடுதலாகப் பிடிப்பார்கள். மூன்று நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால் ஈஸிலிங்க் பயண அட்டை வாங்கிவிடுங்கள்.

நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் 7 மணி வாக்கில் உதித்து 7 மணி வாக்கில் மறைகிறது. காலை 10 முதல் 4 வரை வெயில் நேர் உச்சியில் நிற்கும். அப்போது வெண்கலப் பட்டயங்கள் கண்ணாடி மாதிரி மின்னும், எழுத்து ஒன்றும் தெரியாது. புடைப்பு எழுத்துக்கு நிழல் விழுந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். அதனால் காலை 8 மணிக்கோ மாலை 5.30-க்கோ வந்து, பட்டயத்துக்கு நேராக நிற்காமல் ஓர் ஓரமாக நின்று பாருங்கள். கைபேசியின் ஃபிளாஷைப் போட்டால் நடுவில் வெள்ளைப் புள்ளி விழுந்து படம் வீணாகும்.

நடுநாயகமாக நிற்கும் கருங்கல் தூண்தான் செனோடாஃப். உள்ளே உடல் எதுவும் இல்லாத வெற்றுக் கல்லறை என்பது சொல்லின் பொருள். ஸ்வான் அண்ட் மக்லாரன் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் டெனிஸ் சான்ட்ரி வடிவமைத்தது. லண்டன் வைட்ஹாலில் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த கல் செனோடாஃப் 1920 நவம்பர் 11-ல் திறக்கப்பட்டது. நான்கே நாள் கழித்து, நவம்பர் 15-ல், இங்கே ஆளுநர் கில்லிமார்ட் அடிக்கல் நாட்டினார். பிரான்சின் கிளமன்சோவும் அந்த நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். பல குறிப்புகளில் அவரைப் ‘பிரெஞ்சுப் பிரதமர்’ என்று எழுதியிருப்பார்கள். அந்த ஆண்டு ஜனவரியிலேயே அவர் பதவியை விட்டுவிட்டார், வந்தது முன்னாள் பிரதமராகத்தான்.

திறப்பு விழா 1922 மார்ச் 31-ல். திறந்து வைத்தவர் வேல்ஸ் இளவரசர் எட்வர்ட், பின்னாளில் அரியணையைத் துறந்தவர். இந்தியாவைச் சுற்றிவிட்டு ஜப்பானுக்குப் போகும் வழியில் இங்கே இறங்கியிருந்தார். அவருடைய பரிவாரத்தில் 21 வயது கடற்படை அதிகாரி ஒருவரும் இருந்தார், பெயர் லூயி மவுண்ட்பேட்டன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குத் தேவைப்படும்.

இப்போது படிகளைப் பாருங்கள். அவசரத்தில் வருகிறவர்கள் தூணைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள், காலடியைப் பார்ப்பதில்லை. ஒரு பக்கத்துப் படிகளில் 1914 தொடங்கி 1918 வரை ஆண்டுகள் பொறித்திருக்கின்றன. மேலே ஏறுகிறவர் முதல் உலகப் போரை ஆண்டு ஆண்டாக மிதித்துத்தான் ஏற வேண்டும். அந்தப் பக்கத்து வெண்கலப் பட்டயத்தில் 124 பெயர்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் பிறந்தோ வாழ்ந்தோ, அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள். இந்தப் பக்கத்தில் தமிழுக்கு இடமில்லை.

தூணைச் சுற்றி மறுபக்கம் போங்கள். அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சேர்த்தது, ஆண்டு 1939 முதல் 1945. இங்கே பெயர்ப் பட்டியலே கிடையாது. நாம் வாழ்வதற்காக அவர்கள் மாண்டார்கள் என்ற பொருளில் ஒரே வரி நான்கு மொழிகளில் இருக்கிறது. நான்கில் ஒன்று தமிழ். ஒரே கல்லின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் இந்த ஊரில் எவ்வளவு மாறிப்போனது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி கிடைக்காது. வழிகாட்டிகள் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கட்டாயம் சுற்றிப் போய்ப் பாருங்கள்.

படியில் உட்காரலாமா என்று கேட்பவர்களுக்கு: தடுக்க யாரும் நிற்க மாட்டார்கள், ஆனால் உட்காராதீர்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம். இது 2010 டிசம்பரிலிருந்து தேசிய நினைவுச்சின்னம். 2013 ஏப்ரலில் ஒருவர் இந்தத் தூணில் சிவப்பு வண்ணத்தைத் தெளித்து ‘ஜனநாயகம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். மூன்று மாதச் சிறையும் மூன்று பிரம்படியும் கிடைத்தன. மழை பெய்து ஓய்ந்ததும் கருங்கல் படி வழுக்கும், வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றுங்கள்.

இரண்டாம் நாள், காலை

இன்றைக்குத் தேட வேண்டியது இல்லாமல் போன ஒரு கல்லை.

செனோடாஃபிலிருந்து நடக்கும் தூரத்திலேயே, புல்வெளி ஓரத்தில், விரித்து வைத்த புத்தகம் போன்ற ஒரு பட்டயம் இருக்கிறது. உயரம் குறைவு என்பதால் கவனிக்காமல் போகிறவர்களே அதிகம். இரண்டு தரம் கடந்து போய்விட்டு மூன்றாம் தரம் கண்டுபிடிப்பது சகஜம். இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னம் இருந்த இடம் அது. போர் முடிந்து ஐம்பது ஆண்டு நிறைந்த 1995-ல், போர்க்கால இடங்கள் பதினொன்றுக்குத் தேசிய மரபுடைமைக் கழகம் அடையாளம் வைத்தது. அதில் இதுவும் ஒன்று. தமிழிலும் எழுதியிருக்கிறது, நின்று படியுங்கள்.

நடந்தது இது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து இந்தியப் போர்க்கைதிகளை ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டினார்கள். கேப்டன் மோகன்சிங்கின் முதல் இந்திய தேசிய ராணுவத்துக்கு அங்கேதான் தொடக்கம். அது அதே ஆண்டு இறுதியில் கலைந்தது. 1943 ஜூலை 2-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்திறங்கினார். 4-ந் தேதி கேத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திரக் கழகத்தின் தலைமையை ஏற்றார். 5-ந் தேதி, இதோ கனாட் டிரைவுக்கு அந்தப் பக்கம் தெரிகிற பாடாங் திடலில், அப்போதைய நகராட்சிக் கட்டடத்தின் முன்னால் படையணி வகுப்பைப் பார்வையிட்டு ‘டில்லி சலோ’ முழக்கத்தைக் கொடுத்தார். தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடம் பிறகு சிட்டி ஹால் ஆனது. இன்றைக்கு நேஷனல் கேலரியின் ஒரு பாதி.

அணியில் நின்றவர்களில் முன்னாள் சிப்பாய்கள் மட்டும் இல்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பெண்களின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்ற லட்சுமி சுவாமிநாதன் 1914-ல் சென்னையில் பிறந்தவர், 1940 முதல் சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்தவர். அந்தப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22-ல் வாட்டர்லூ தெருவில் திறக்கப்பட்டது. இங்கிருந்து நடந்தே போகலாம்.

இந்தியாவுக்குள் நுழைய முயன்று இம்பாலில் தோற்ற பிறகு, போரே முடியப்போகிற நேரத்தில், 1945 ஜூலை 8-ல் போஸ் இந்தப் பூங்காவில் அடிக்கல் நாட்டினார். பெயர் தெரியாமல் மாண்ட இந்திய தேசிய ராணுவ வீரனுக்கான சின்னம். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று இந்துஸ்தானிச் சொற்களை அதில் பொறித்தார்கள். கட்டுமானத்தைக் கவனித்தவர் கர்னல் சிரில் ஸ்ட்ரேஸி. ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரண். மறுநாள் போஸ் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பினார், 18-ந் தேதி தாய்பேயில் விமான விபத்து. செப்டம்பர் 5-ல் பிரிட்டிஷ் படை திரும்ப வந்து இறங்கியது. வந்த கையோடு இந்தச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெடி வைத்தவர்களும் இந்தியர்கள்தான், பிரிட்டிஷ் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவு. உத்தரவிட்டவர் தென்கிழக்காசியத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன்.

1922-ல் பக்கத்துக் கல்லின் திறப்பு விழாவுக்கு இளவரசரோடு வந்து நின்ற அதே இளைஞர்தான். 1945 செப்டம்பர் 12-ல் பாடாங்குக்கு எதிரே, இரண்டு ஆண்டுக்கு முன் போஸ் நின்ற அதே கட்டடத்தில், ஜப்பானியரின் சரணாகதியை ஏற்றவரும் அவரே. பட்டயத்தை ஒட்டி நின்று அரைவட்டமாகத் திரும்பினால் செனோடாஃப், பாடாங், சிட்டி ஹால் மூன்றும் பார்வைக்குள் வரும். ஒரு கல் இன்றும் நிற்கிறது. இன்னொரு கல் நின்றது ஒரு சில வாரம். இந்த ஒரு காட்சிக்காகவே பூங்காவுக்கு வரலாம் என்பது எங்கள் கட்சி.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு யோசனை. பட்டயத்தை மட்டும் நெருக்கி எடுத்தால் எங்கே எடுத்தது என்றே தெரியாது. குந்தி உட்கார்ந்து, பட்டயம் முன்னால் பெரிதாகவும் பின்னால் மரங்களும் கட்டடமும் தெரியும்படியும் எடுங்கள். வாசகத்துக்குத் தனியாக இன்னொரு படம். தமிழ்ப் பகுதி முழுதாக வந்திருக்கிறதா என்று அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

இங்கே வெயில் ஏறிவிட்டால் நேஷனல் கேலரிக்குள் போய்விடுங்கள். காலை 10 மணிக்குத் திறப்பார்கள். கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட், பொது இடங்களுக்குக் கட்டணமில்லை. குளிர்சாதனம், கழிவறை, குடிநீர் எல்லாம் கிடைக்கும். சரணாகதி கையெழுத்தான சிட்டி ஹால் மண்டபம் உள்ளேயே இருக்கிறது. சில நாட்களில் நிகழ்ச்சிக்காக மூடி வைத்திருப்பார்கள், நுழைவில் கேட்டுக்கொண்டு மாடி ஏறுங்கள்.

இரண்டாம் நாள், மாலை

லிம் போ செங் நினைவகம். எண்கோண வடிவில் சின்னப் பகோடா, மூன்றடுக்கு வெண்கலக் கூரை, உயரம் 3.6 மீட்டர்தான். சுற்றி நான்கு வெண்கலச் சிங்கங்கள். செனோடாஃபைப் பார்த்த கண்ணுக்கு இது பொம்மை மாதிரி தெரியும். ஆனால் இந்தப் பூங்காவிலேயே ஒரு தனி மனிதரின் கதையை முழுசாகச் சொல்லும் போர்ச் சின்னம் இதுதான்.

அவர் 1909-ல் சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் பிறந்தவர். சிங்கப்பூரில் வணிகர். ஜப்பானியருக்கு எதிராக நிதி திரட்டியவர். ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு தப்பி இந்தியாவுக்குப் போய், பிரிட்டிஷாரின் ‘ஃபோர்ஸ் 136’ என்ற ரகசியப் படையில் சேர்ந்தார். நீர்மூழ்கிக் கப்பலில் மலாயாக் கரையில் வந்து இறங்கினார். 1944-ல் ஈப்போ வட்டாரத்தில் பிடிபட்டார். சித்திரவதைக்கும் வாய் திறக்காமல், ஜூன் 29-ல் பத்து காஜா சிறையில் இறந்தார். வயது 35. சரியாகப் பத்தாவது நினைவு நாளில், 1954 ஜூன் 29-ல், இந்த நினைவகத்தைத் திறந்தார்கள். வடிவமைத்தவர் இங் கெங் சியாங். பணம் சீனச் சமூகத்தின் நன்கொடை, நிலம் அரசாங்கத்தினுடையது.

நான்கு வெண்கலப் பட்டயங்கள் இருக்கின்றன. சீனம், ஆங்கிலம், ஜாவி என்ற அரபு வகை எழுத்தில் மலாய், தமிழ். நான்கையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க முடியாது, சுற்றித்தான் வர வேண்டும். ஒரு பக்கம் பார்த்துவிட்டு “தமிழ் இல்லையே” என்று திரும்பியவர்கள் உண்டு. 1954-ல் வார்த்த தமிழ் அது. எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய காலம் என்பதால் ‘ணை’, ‘லை’ போன்ற எழுத்துகள் வரும் இடங்களை நிதானமாகப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அவர்களையே படிக்க விடுங்கள், நல்ல விளையாட்டாக இருக்கும்.

அவருடைய கல்லறை இங்கே இல்லை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் இருக்கிறது.

மிச்சமிருப்பது டான் கிம் செங் நீரூற்று. போரோடு தொடர்பில்லாதது. 1857-ல் ஊருக்குக் குடிநீர் கொண்டுவர 13,000 டாலர் கொடுத்தார் அந்தச் செல்வந்தர். அவர் 1864-ல் கண்ணை மூடிய பிறகும் வேலை இழுத்துக்கொண்டே போனது. வெட்கப்பட்ட நகராட்சி 1882-ல் அவர் நினைவாக இந்த வார்ப்பிரும்பு ஊற்றை வைத்தது. ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் இருந்ததை 1925-ல் இங்கே கொண்டுவந்தார்கள். நாலு நிமிடம் போதும்.

பூங்காவின் தண்ணீர்ப் பக்கம் போகும் நடைபாதைக்கு எலிசபெத் ராணி நடைபாதை என்று பெயர், 1953-ல் திறந்தது. ஒரு காலத்தில் அலை வந்து மோதிய கரை இது. கடலைத் தூர்த்தார்கள், 2008-ல் மரினா தடுப்பணை வந்தது, இப்போது எதிரே தெரிவது குடிநீர்த் தேக்கம். 1971 முதல் 1995 வரை இந்தப் பகுதியில்தான் ‘சாத்தே கிளப்’ என்ற, குச்சியில் சுட்ட இறைச்சி விற்கும் கடைத் தொகுதி இருந்தது. பழைய சிங்கப்பூர்க்காரர்களிடம் எஸ்பிளனேட் என்று சொன்னால் அவர்களுக்கு ஞாபகம் வருவது நினைவுச்சின்னம் இல்லை, கரி அடுப்புப் புகைதான்.

மூன்றாம் நாள்

முதலில் எப்போது வரக்கூடாது என்பது. பூங்காவைச் சுற்றியுள்ள சாலைகள் ஃபார்முலா 1 இரவுப் பந்தயத்தின் தடம். செப்டம்பர், அக்டோபரில் பந்தயம் நடக்கும். ஆனால் வேலியும் பார்வையாளர் மேடையும் வாரக்கணக்கில் முன்னாலேயே முளைத்துவிடும், பிரிக்கவும் நாள் பிடிக்கும். பந்தயத்துக்கு முந்தைய மாதத்தில் வந்தால் செனோடாஃபைக் கம்பி வலைக்குப் பின்னால்தான் பார்க்க நேரிடும். தேசிய தின அணிவகுப்பு பாடாங்கில் நடக்கும் ஆண்டுகளில் ஜூன், ஜூலை சனிக்கிழமைகளில் ஒத்திகைக்காகச் சாலையை அடைப்பார்கள். கூட்டத்தைப் பார்க்க ஆசை இல்லையென்றால் வேலை நாள் காலையில் வாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பிற்பகல் மழை அடிக்கடி வரும். மின்னல் தொடங்கினால் பூங்காவின் மரத்தடியில் ஒதுங்காமல் அரங்கத்துக்கோ நிலத்தடிப் பாதைக்கோ போய்விட வேண்டும்.

ஸ்டாம்ஃபோர்ட் சாலையைக் கடந்தால் போர் நினைவுப் பூங்கா. வானத்தில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் நான்கு வெள்ளைத் தூண்கள், உயரம் 60 மீட்டரைத் தாண்டும். ‘சாப்ஸ்டிக்’ என்பது ஊர் வைத்த பெயர். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேஷியர் முதலிய மற்றவர் என்று தூணுக்கு ஒரு சமூகம். எதிரே செனோடாஃப் ராணுவத்தாருக்கு, இது ஜப்பானியர் ஆட்சியில் கொல்லப்பட்ட பொதுமக்களுக்கு. 1962-ல் சிக்லாப் பகுதியில் எலும்புக் குவியல்கள் தோண்டத் தோண்டக் கிடைத்தன. சீன வர்த்தகச் சபை பணம் திரட்டியது, அரசும் பங்கு போட்டது. 1967 பிப்ரவரி 15-ல் பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார். ஊர் விழுந்து அன்றோடு 25 ஆண்டு. அடியில் 600-க்கும் மேற்பட்ட தாழிகளில் எலும்புகள் இருக்கின்றன. இது வெற்றுக் கல்லறை இல்லை, நடக்கும்போது அது மனதில் இருக்கட்டும். வாசகம் நான்கு மொழிகளில், தமிழும் உண்டு.

சிலர் இதை, போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் செத்த தோட்டத் தமிழர்களுக்கான சின்னம் என்று நினைத்து வருகிறார்கள். அது வேறு கதை, வேறு இடம்.

நான்காம் நாள்

பூங்காவில் தமிழ் எழுத்து உண்டு, போரில் மாண்ட தமிழ்ச் சிப்பாயின் பெயர் கிடையாது. பெயர் வேண்டுமென்றால் கிராஞ்சிக்குப் போக வேண்டும். சிட்டி ஹாலில் வடக்கு தெற்குப் பாதையில் ஏறினால் கிராஞ்சி நிலையம். அங்கிருந்து நடந்தே போகலாம், ஏற்றம்தான். காமன்வெல்த் போர்க் கல்லறை அது. வரிசையாக நிற்கும் சுவர்களில், உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ரெஜிமென்ட் வாரியாகப் பொறித்திருக்கின்றன. சமய வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனிச் சின்னம் உண்டு. சுமார் 800 பேர், பெரும்பாலோர் இந்தியப் படையினர்.

நேரே போய்ச் சுவரில் தேடினால் ஒரு நாள் முழுக்க வீண். முந்தைய இரவே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பெயரைப் போடுங்கள். சுவரில் எந்தப் பத்தி (Column) என்ற எண் வந்துவிடும். சிக்கல் எழுத்துக்கூட்டலில்தான் வரும். பெயரை எழுதியவர் பிரிட்டிஷ் குமாஸ்தா. ‘ழ’வை எல் என்று போட்டாரா, இசட் சேர்த்தாரா, ‘முருகேசன்’ என்பதில் ஒரு ‘யு’வா இரண்டு ‘ஓ’வா என்று நாலைந்து விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். படை எண் தெரிந்தால் அதைப் போடுங்கள், ஒரே தடவையில் கிடைக்கும். தகப்பனார் பெயரும் ஊரும் பல பதிவுகளில் கூடுதல் தகவலாக இருக்கும். மாவட்டப் பெயர் அந்தக் காலத்து ஆங்கில உச்சரிப்பில் இருக்கும், திருநெல்வேலியைத் ‘தின்னவெல்லி’ என்று தேடுங்கள். பத்தி எண்ணையும் ரெஜிமென்ட் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே நிழல் குறைவு, தண்ணீர்ப் புட்டியும் குடையும் பையில் இருக்கட்டும்.